வேலை கேட்பவனுக்குப் பிச்சை போடலாமா?



ஓய்வுநாளில் ஜெபக்கூடத்திலே நமதாண்டவர் சூம்பின கையுள்ள ஒரு மனிதனைக் குணப்படுத்தின வரலாற்றைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அவன் பெயர் என்ன, என்ன தொழில் செய்து பிழைத்தான் என்பதைச் சுவிசேஷகர்கள் குறிப்பிடவில்லை. ஆனால் வேதாகமத்தை இலத்தீனில் பெயர்த்துத் தந்த அர்ச். எரோணிமுஸ், அர்ச். மத்தேயு சுவிசேஷத்துக்கு எழுதின விரிவுரையில் ஒரு சேதியைக் குறித்து வைத்திருக்கிறார். நாசரேயர் என்ற கூட்டத்தார் வழங்கிவந்த பழைய ஏடு ஒன்றில் உள்ளதாக அவர் சொல்லுவது இதுதான்: அந்த மனிதன் ஒரு கொத்தன். கைவேலை செய்து ஜீவித்தவன். சோற்றுக்காக வெட்கத்துடன் பிறரிடம் கையேந்தும் நிலை தனக்கு வராதபடி தன் கையைச் சுகப்படுத்தவேண்டும் என்று அவன் மன்றாடினானாம்.

இந்த ஏடு வேதாகமத்தைச் சேர்ந்ததல்ல. அதன்பேரில் விசுவாச சத்தியம் எதையும் நாம் கட்டுவதுமில்லை. ஆயினும் அந்தக் கொத்தனுடைய மன்றாட்டைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஏழைகளுக்கு இரங்கவேண்டுமென்பது யூதருடைய வேதப்பிரமாணம். கை சூம்பினவனுக்கு அவர்கள் தர்மம் கொடுத்திருப்பார்கள். அவன் பட்டினியால் சாகப்போவதில்லை. அப்படியிருந்தும் தர்மம் அவனுக்குப் போதவில்லை. கரணையும் மட்டப்பலகையும் பிடிக்கக்கூடிய கையைத்தான் அவன் கேட்டான்.

சூம்பின கையை நீட்டச்செய்யும் வல்லமை உங்களுக்குமில்லை, எனக்குமில்லை. ஆனால் கை சூம்பினவனுக்கும், கண் தெரியாதவளுக்கும், காது கேளாதவனுக்கும், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கும் கொடுக்கக்கூடிய இரண்டு பொருள்கள் நம் வசம் இருக்கின்றன. ஒன்று காசு, மற்றொன்று வேலை. காசைக் கொடுக்கிறோம். வேலையைக் கொடுக்கிறோமா? கொடுத்தால் அது நம்முடைய தயாளமா, அல்லது நாம் செலுத்தவேண்டிய கடனா? இவ்வாரம் இந்தக் கேள்வியை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

வாசலிலும் வீட்டிலும்

செவ்வாய்க்கிழமை அர்ச். அந்தோனியார் கோவிலுக்குப் போகிறவர்கள், வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்போரைப் பார்த்திருப்பீர்கள். நேர்ச்சையாகச் சோற்றுப் பொட்டலம் கொடுப்பவர்களும் உங்களில் உண்டு. அதை நான் குறைசொல்ல மாட்டேன். பசித்தவனுக்குச் சோறிட்டோமா என்பதைப் பொதுத்தீர்வை நாளில் ஆண்டவரே விசாரிப்பார். ஆனால் பொட்டலம் கொடுக்கிற நம்மில் யாராவது ஒருநாள் அந்த வரிசையில் இருக்கும் கால் இழந்தவரிடம், "ஐயா, உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டதுண்டா?

வாசலுக்கு வராமல் வீட்டிற்குள்ளேயே இருப்பவர்களோ இன்னும் அதிகம். 2011-ம் வருஷத்துக் குடிக்கணக்கில் இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர் உடல் அல்லது மன ஊனமுள்ளவர்களாக எண்ணப்பட்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அந்த விகிதப்படி பார்த்தால், 2,500 ஆத்துமங்கள் உள்ள ஒரு பங்கில் சுமார் 40 பேர் இருக்கவேண்டும். ஞாயிறு பூசையில் அவர்களில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்? கடைகளில், அச்சகங்களில், பள்ளிக்கூட அலுவலகங்களில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்?

வீடு மந்திரிக்கப் போகும்போது தாய்மார் என்னிடம், "சுவாமி, இவனுக்கு அரசாங்க உதவித்தொகை வாங்க ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். நியாயமான கோரிக்கை, எழுதிக் கொடுக்கிறேன். ஆனால், "இவனுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்கிற தாய் அபூர்வம். மூத்த மகனுக்கு வேலை வேண்டுமென்று சிபாரிசுக் கடிதத்துக்கு நாலுமுறை நடக்கிற தாய், கால் விளங்காத இளைய மகனுக்கு அப்படி நடப்பதில்லை. அவள் அன்பில் குறைவில்லை. கேட்டாலும் கிடைக்காதென்று ஊர் அவளுக்குக் கற்பித்திருக்கிறது. முன்னே அங்கவீனர் என்றோம், பிறகு ஊனமுற்றோர் என்றோம், இப்போது மாற்றுத்திறனாளி என்று மரியாதையாகச் சொல்லுகிறோம். மரியாதைச் சொல் நல்லதுதான். அந்த மாற்றுத் திறன் என்னவென்று கேட்டறியும் பொறுமைதான் நமக்கு இன்னும் வரவில்லை.

தர்மமும் நீதியும்

தர்மத்துக்கும் நீதிக்கும் உள்ள வித்தியாசத்தை ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறீர்கள். என்னுடையதில் ஒரு பங்கை எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பது தர்மம். அவனுக்கு உரியதை அவனிடம் சேர்ப்பது நீதி. கடன் வாங்கினவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் தர்மம் செய்தேன்" என்று சொன்னால் ஊரார் சிரிப்பார்கள். கூலியாளின் கூலியை நிறுத்திவைத்து, அவன் வீட்டுக் கலியாணத்துக்குத் தாராளமாக மொய் எழுதுகிறவனையும் நீதிமான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தர்மம் எவ்வளவு பெரிதானாலும் அது நீதியின் கடனைத் தீர்க்காது.

அப்படியானால் வேலை இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? இதற்குப் பதில் சொல்ல, ஒருவனுக்கு வேலையினால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, கூலி. கூலியில்லாமல் ஜீவனமில்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததே.

இரண்டாவது, நாலு பேருக்கு நடுவே ஓர் இடம். காலையில் எழுந்து, தலைவாரி, சட்டை மாற்றி, "நேரமாயிற்று" என்று புறப்படுகிறவனுக்கு உலகத்தில் ஓர் இடமிருக்கிறது. ஒருநாள் அவன் வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று யாராவது கேட்பார்கள். திண்ணையில் உட்காரவைக்கப்பட்டவன் வராவிட்டால் கேட்க ஆளில்லை.

மூன்றாவதைத்தான் நாம் அதிகம் யோசிப்பதில்லை. சம்பாதிக்கிறவன் பிறருக்குக் கொடுக்கலாம். தங்கைக்கு ஒரு சேலை எடுக்கலாம். தகப்பனாருக்கு மூக்குக்கண்ணாடி வாங்கலாம். காணிக்கைத் தட்டு தன் பக்கம் வரும்போது தன் காசைப் போடலாம். பெறுவதைப் பார்க்கிலும் தருவதிலே பாக்கியம் அதிகமென்று ஆண்டவர் போதித்ததை அர்ச். சின்னப்பர் எபேசு நகரத்து மூப்பர்களுக்கு நினைப்பூட்டினார். தம் கைகளாலேயே உழைத்துத் தமக்கும் தம்முடன் இருந்தவர்களுக்கும் வேண்டியதைத் தேடினதையும் அதே பேச்சில் அவர் சொல்லிக்காட்டினார். தருவது அவ்வளவு பெரிய பாக்கியமானால், அந்தப் பாக்கியம் முழுவதையும் நாமே வைத்துக்கொண்டு, பெற்றுக்கொள்ளும் பாகத்தை மட்டும் ஊனமுள்ள சகோதரனுக்கு ஒதுக்குவது எந்த விதத்தில் நியாயம்? வாழ்நாள் முழுவதும் வாங்குகிறவனாகவே அவனை வைத்திருப்பதால், பிறர்சிநேகத்தை நடத்திக் காட்டும் சந்தர்ப்பத்தையே அவனிடமிருந்து எடுத்துக்கொள்ளுகிறோம். நாம் எத்தனை பொட்டலம் கொடுத்தாலும் இந்த நஷ்டத்துக்கு ஈடாகாது.

ஆகவே வேலை செய்யக்கூடியவனுக்கு வேலையின் வாசலைத் திறப்பது நீதியைச் சேர்ந்தது என்று நான் சொல்லுகிறேன். இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ம் வருஷம் மனித உழைப்பைப்பற்றி எழுதின சுற்றுமடலில் இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். ஊனமுள்ளவரும் முழு மனிதர். எல்லா அவயவங்களும் குறைவின்றி உள்ளவர்களை மட்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் சமூகம் பலவானுக்கும் சுகதேகிக்கும் சாதகமாய்ப் பலவீனனைத் தள்ளுகிறது என்பது அவருடைய தீர்ப்பு. தொழிற்பயிற்சி, தகுந்த வேலை, நியாயமான சம்பளம், உத்தியோக உயர்வு, இடையூறுகளை நீக்குதல் ஆகியவற்றை அவர் உரிமைகளின் வரிசையிலேயே வைத்தார்.

வேலூரில் நடந்தது

உரிமை என்று சொல்லிவிட்டால் போதுமா? இதை விளக்க, நம் நாட்டிலேயே வேலூரில் நடந்த இரண்டு வரலாறுகளைச் சொல்லுகிறேன்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ம் வருஷம் கொல்லிமலையில் பிறந்தவர். வைத்தியம் படிக்குமுன் கொத்துவேலையும் தச்சுவேலையும் பயின்றவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கி விரிக்கமுடியாமல் போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நேராக்கும் முறையை உண்டாக்கினார். உலகமே மெச்சின காரியம். ஆனால் சுகமாகிப் போனவர்களில் சிலர் முகவாட்டத்துடன் திரும்பி வந்தார்கள். கை மடங்கியிருந்தபோது பார்த்தவர்கள் இரங்கிக் காசு போட்டார்கள். கை நேரானபின் பிச்சை குறைந்துவிட்டது. தொழுநோய் இருந்தவன் என்ற பெயர் மட்டும் நீங்காததால் வேலையும் யாரும் தரவில்லை. நல்ல கை வந்ததே அவர்களுக்குக் கஷ்டமாய் முடிந்தது.

டாக்டர் பிராண்ட் அதோடு விட்டுவிடவில்லை. "புதுவாழ்வு" என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு குடியிருப்பை அமைத்து, அவர்களுக்குத் தச்சுவேலை கற்பித்தார். மரப் பொம்மைகள் செய்தார்கள். அங்கேயும் ஒரு சங்கடம். தொழுநோய் கண்ட கைகளில் உணர்ச்சி இராது, உளியையும் சுத்தியலையும் எவ்வளவு இறுகப் பிடிக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது, கை புண்ணாகிவிடும். ஆகவே அவர்கள் கைகளை அடிக்கடி சோதித்து, புண் எதனால் வந்ததென்று கண்டுபிடித்து, வேலைசெய்யும் விதத்தை அதற்குத் தக்கபடி மாற்றவேண்டியிருந்தது. கையை நேராக்கினவருக்கு, அந்தக் கைக்கு வேலை தேடித்தருவதும், வேலையினால் அது கெடாமல் காப்பதும் தம் கடமை என்று தோன்றியது.

இரண்டாவது, டாக்டர் மேரி வர்கீஸ் என்ற பெண்மணியின் வரலாறு. 1954-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஒரு மோட்டார் விபத்தில் அவர் முதுகுத்தண்டு நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போயிற்று. அப்போது அவருக்கு வயது 30-கூட நிரம்பவில்லை. வைத்தியத் தொழில் அதோடு முடிந்ததென்றே யாரும் நினைப்பார்கள். கைகளுக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று டாக்டர் பிராண்ட் யோசனை சொன்னார். சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்தப் பெண்மணி தொழுநோயாளரின் கைகளுக்குச் சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். பின்பு அமெரிக்காவில் மறுவாழ்வு வைத்தியம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்று ஒரு துறையை நடத்தினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுக்கப்பட்டது. தளர்ந்து விழுந்தவர்களைத் தளர்ந்த கால்களையுடைய ஒருவரே எழுப்பி உட்காரவைத்தார்.

இந்த வரலாற்றை எல்லோரும் மேரி வர்கீஸ் அம்மையாரின் மனவுறுதிக்கு உதாரணமாகச் சொல்லுவார்கள். சரிதான். ஆனால் மனவுறுதி மட்டும் இருந்து, நாற்காலியின் உயரத்துக்கு மேஜையும், பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க ஒருவரும், "உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை எது?" என்று கேட்கும் புத்தியுள்ள ஒரு மேலதிகாரியும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மனவுறுதி ஏதோவொரு வீட்டின் பின்கட்டில் யாருக்கும் தெரியாமல் அடங்கிப் போயிருக்கும். நம் பங்கின் வீடுகளிலும் அப்படி எத்தனை மனவுறுதிகள் அடங்கிக் கிடக்கின்றனவோ!

ஒத்தாசை என்பது என்ன?

வேலை கொடுப்பதோடு வேலை செய்ய ஒத்தாசையும் கொடுக்கவேண்டும் என்ற கருத்து நம் நாட்டுக்குப் புதிதல்ல. உடல் ஊனமுள்ளவர்களுக்கென்று முதல் தனி வேலைவாய்ப்பு அலுவலகம் 1959-ல் பம்பாயில் திறக்கப்பட்டது. 1968 முதல் மத்திய அரசு தொழில் மறுவாழ்வு நிலையங்களை ஏற்படுத்தத் தொடங்கியது. சென்னை கிண்டியிலும் அப்படிப்பட்ட ஒன்று உண்டு. ஒருவரால் என்ன வேலை செய்யமுடியும் என்று சோதித்தறிந்து, பயிற்சி கொடுத்து, வேலைக்கு வழிகாட்டுவது அதன் பணி. இப்போது அது தேசிய வேலைவாய்ப்புச் சேவையின் மையமாக, மாற்றுத்திறனாளிகளுக்கென்று நடந்துவருகிறது.

1980-களில் அமெரிக்காவில் மற்றொரு முறை பரவிற்று. 1986-ல் அந்நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. பழைய முறையில், "முதலில் பயிற்சி, பிறகு வேலை" என்பார்கள். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் பயிற்சிக்கூடத்திலேயே வருஷக்கணக்காக இருந்துவிடுவார்கள். வேலை வரவே வராது. புதிய முறையோ, "முதலில் வேலை, அந்த இடத்திலேயே பயிற்சி" என்கிறது. துணையாளர் ஒருவர் கூடவே போவார். உதாரணமாக, ரொட்டிக்கடையில் பெட்டி அடுக்கும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையை அவர் சிறு சிறு படிகளாகப் பிரிப்பார்: பெட்டியை விரி, காகிதம் போடு, பன்னிரண்டு எண்ணு, மூடு, ஒட்டு. எண்ணத் தெரியாத பிள்ளையானால் பன்னிரண்டு குழியுள்ள ஒரு தட்டைச் செய்துவைப்பார். குழி நிறைந்தால் கணக்கும் நிறைந்தது. முதல் வாரம் முழுநாளும் பக்கத்தில் இருப்பார், பிறகு பாதிநாள், பிறகு வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார். முதலாளிக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள், பிள்ளைக்குப் பயம் வந்தால் சொல்ல ஓர் ஆள். கேட்டால் சின்னக் காரியம். ஒரு பிள்ளையின் வாழ்வு அதில் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வழியில் வந்திருக்கிறது. 1995-ம் வருஷத்துச் சட்டம் அரசு வேலைகளில் 3 சதவீதம் ஒதுக்கிற்று. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்று, 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ளவர்களுக்கு அந்த ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கியது. அரசு நிறுவனத்தில் வேலையிலிருக்கும்போது ஒருவர் ஊனமடைந்தால் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்கவேண்டும். தேவையான வசதிகளைச் செய்து கொடுப்பதும் அந்தச் சட்டத்தின் கட்டளை. 2021-ல் உச்சநீதிமன்றம், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒரு பரீட்சார்த்திக்கு, எழுதித்தர ஆள் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்பது இன்று நம் சட்டத்தின் கொள்கை.

ஆனால் சட்டம் மனச்சாட்சியின் வேலையைச் செய்யாது. ஜெர்மனி தேசத்தில் 20 பேருக்குக் குறையாமல் வேலை கொடுக்கும் முதலாளிகள் 5 சதவீத இடங்களைக் கடும் ஊனமுள்ளவர்களுக்குக் கொடுக்கவேண்டும். கொடுக்காதவர்கள் மாதந்தோறும் பணம் கட்டவேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு ஒருவரைக்கூடச் சேர்க்காத முதலாளிகள் அங்கே பலர். நாம் அவர்களைக் குறைசொல்லலாமா? வாசலில் பொட்டலம் கொடுத்துவிட்டுக் கடையில் இடம் கொடுக்காத நம் வழக்கத்துக்கும் அதற்கும் என்ன பேதம்?

மூன்று ஆட்சேபங்கள்

"சுவாமி, நீங்கள் சொல்லுவது கேட்க நன்றாயிருக்கிறது. கடை நடத்துகிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். வேலை சரியாக நடக்காது, செலவும் அதிகம்" என்பது முதல் ஆட்சேபம்.

நடக்காத வேலைக்குச் சம்பளம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நடக்கக்கூடிய வேலை எதுவென்று பாருங்கள் என்றே கேட்கிறேன். காது கேளாதவரைத் தொலைபேசிக்கு முன் உட்காரவைத்தால் தப்பு அவருடையதல்ல. அச்சுக்கூடத்தில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே அவர் பிறரைவிடக் கவனமாக வேலைசெய்யக்கூடும். செலவைப்பற்றியும் ஒரு சேதி: அமெரிக்காவில் 1983 முதல் முதலாளிகளுக்கு இவ்விஷயத்தில் யோசனை சொல்லிவரும் ஒரு நிலையம், செய்யப்படும் மாற்றங்களில் ஏறக்குறைய பாதிக்குச் செலவே இல்லை என்று முதலாளிகளிடமே விசாரித்துச் சொல்லுகிறது. மேஜையை இடம் மாற்றுவது, வேலை நேரத்தை அரைமணி தள்ளுவது, வாயால் சொல்லுவதைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது, இப்படிப்பட்டவை. கண் தெரியாதவருக்குக் கணினித் திரையை வாசித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஓர் இளைஞர் அதைத் தொடங்கினார். பார்வையற்ற மற்றொருவர் சேர்ந்துகொண்டார். முயன்று பார்த்தும் ஒருவருக்கு ஒரு வேலை ஒத்துவராமல் போகலாம். அது எல்லோருக்கும் நேர்வதே. அதற்காக அவர் இனத்தாரையெல்லாம் வாசலிலேயே நிறுத்துவது நியாயமல்ல.

"திடகாத்திரமான பிள்ளைகளே வேலையின்றித் திரிகிறார்களே, அவர்களுக்குப் பிறகல்லவா இவர்கள்?" என்பது இரண்டாவது ஆட்சேபம்.

வேலை குறைவாயிருப்பது உண்மை. அது பெரிய கஷ்டம். ஆனால் கஷ்டம் பொதுவானால் அதைப் பொதுவாகத்தானே பகிரவேண்டும்? வீட்டில் அரிசி குறைந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் குறைத்துப் பரிமாறுவாள் தாய். நொண்டிப் பிள்ளைக்கு மட்டும் இலை போடாமல் விடமாட்டாள். திராட்சைத் தோட்டத்து உவமையில், பதினோராம் மணி நேரத்திலும் சந்தையில் சும்மா நின்றவர்களைத் தோட்டக்காரர் ஏன் என்று விசாரித்தார். தங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். அவர்கள் சோம்பேறிகளல்ல, காலையிலிருந்து வந்த ஒவ்வொருவரும் அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஊனமுள்ளவர்கள் நம் ஊர்ச் சந்தையில் பதினோராம் மணியளவும் நிற்கிறவர்கள்.

மூன்றாவது ஆட்சேபம் இவ்விரண்டையும்விட ஆழமானது, பெற்றோர்களிடமிருந்து வருவது. "என் பிள்ளை எழுந்து உட்காரவும் முடியாதவள். அவளால் எந்த வேலையும் ஆகாது. வேலைதான் மனிதனுக்குக் கௌரவம் என்று நீங்கள் பிரசங்கித்தால், என் பிள்ளைக்குக் கௌரவம் இல்லையா?"

இந்தத் தாய்க்குத் தெளிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். அம்மா, உங்கள் பிள்ளையின் மதிப்பு எந்த வேலையினாலும் வந்ததல்ல. எந்த வேலையில்லாமையாலும் போவதல்ல. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும், கட்டிலில் கிடக்கும் பாட்டிக்கும், உழைக்கும் ஆண்பிள்ளைக்கும் ஒரே மதிப்புத்தான். அது சர்வேசுரன் தந்தது. வேலை செய்தால்தான் மனிதன் என்று சொல்லுகிறவன் பெரிய அநியாயம் பேசுகிறான். இப்படிப்பட்ட பிள்ளையைப் பராமரிக்கும் பாரத்தை அவள் தாய்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்குவதும் அநியாயம்.

ஆனால் இந்த உண்மையை நாம் தந்திரமாய்த் திருப்பிக்கொள்ளக்கூடாது. "வேலையில்லாவிட்டாலும் அவனுக்கு மதிப்புண்டு, ஆகையால் அவனுக்கு வேலை வேண்டாம்" என்று முடிப்பது தப்பான தர்க்கம். சோறு உண்பதாலும் மனிதனுக்கு மதிப்பு வருவதில்லை. அதற்காக அவனுக்குச் சோறு போடாமல் விடுகிறோமா? மதிப்புள்ளவனானபடியால்தான் அவனுக்குச் சோறு தரவேண்டியிருக்கிறது. அதேபோல, மதிப்புள்ளவனானபடியால்தான், செய்யக்கூடிய வேலையின் வாசலை அவனுக்கு அடைக்கக்கூடாது. ஒருவரால் முடியுமா, முடியாதா என்பதைச் சோதித்துப் பார்த்தபின் சொல்லவேண்டும். முகத்தைப் பார்த்தவுடன் சொல்லக்கூடாது.

இனிச் செய்யவேண்டியது

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குத் தனித்துவ அடையாள அட்டை இன்னும் வாங்காவிட்டால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பியுங்கள். உதவித்தொகையோடு நின்றுவிடாமல், பயிற்சிக்கும் வேலைக்கும் அங்கேயே கேளுங்கள். பிள்ளை வெளியே போனால் யாராவது பரிகசிப்பார்களே, விழுந்துவிடுவானே என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சம் அன்பினால் வருவது. ஆயினும் உங்களுக்குப் பின்னும் அவன் வாழவேண்டியிருக்கிறது. இன்று உங்கள் கண்முன்னே சற்றுத் தடுமாறிப் பழகட்டும்.

முதலாளிகளே, கடைக்காரர்களே, ஓர் இடம் காலியானால், யாரைக் கூப்பிடுவதென்று யோசிக்கும்போது வீட்டிற்குள் இருக்கும் அந்த 40 பேரையும் நினைவில் கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டால் முழு வேலைக்கு முழுக் கூலி கொடுங்கள். ஊனத்தைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைப்பவன் வேலையும் தர்மமும் சேர்த்துக் கொடுத்ததாக எண்ணிக்கொள்ளுகிறான். உண்மையில் அவன் இரண்டையும் கொடுக்கவில்லை.

கூட வேலை செய்கிறவர்களே, புதிதாய் வந்தவருடைய பாரம் முழுவதையும் தூக்க உங்களை யாரும் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது உங்கள் பக்கத்தில் இடம் விடுங்கள். பரிகாசப் பெயர் வைக்கிறவனைத் தடுங்கள். வேலையைவிட்டு ஓடிப்போனவர்களில் அநேகர் வேலையின் கடினத்துக்காக ஓடவில்லை.

ஊனமுள்ள வாலிபரே, பெண்பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி என்ற ஊரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே உணர்ச்சியிழந்தார். 1981-ல் அதே ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஊனமுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பும் பயிற்சியும் தருகிற பெரிய ஸ்தாபனமாக அது வளர்ந்தது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லோரும் அவரைப்போல் ஸ்தாபனம் நடத்தவேண்டுமென்பதில்லை. உங்களுக்கு எது முடியும் என்பதை நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். உங்களுக்கு எது முடியாது என்பதைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடைசியாக, அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். ஏழைகளின் வீடுகளுக்கு வாரந்தோறும் அரிசியோடு போகிறீர்கள். சர்வேசுரன் உங்களுக்குப் பலன் அளிப்பாராக. இனிப் போகும்போது ஒரு நோட்டுப் புஸ்தகமும் கொண்டுபோங்கள். அந்த வீட்டில் ஊனமுள்ளவர் இருந்தால் அவர் பெயர், வயது, படிப்பு, தெரிந்த வேலை, கற்றுக்கொள்ள விரும்பும் வேலை ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அவர் தாயாரிடம் மட்டும் கேட்காமல் அவரிடமே கேளுங்கள். தங்கள் கடையிலோ பட்டறையிலோ இடமுள்ளவர்கள் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பங்கு அலுவலகத்தில் சொல்லட்டும். அலுவலகத்துக்கு ஏறும் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை கட்டும் வேலை இம்மாதமே தொடங்கும். கொத்து வேலை தெரிந்தவர்கள் முன்வரலாம், கூலி உண்டு. அவர்களில் ஒரு கை குறைந்த கொத்தன் இருந்தால், முதலில் அவர் வரட்டும்.

ஆண்டவரில் உங்கள் ஊழியன்,
பங்குக் குரு